முள் எண்ணியவர்

மரம் வெட்ட வந்த சுடலைமுத்து மெசின் வாளின் கயிற்றை ஒருமுறை இழுத்தான். அது இருமிவிட்டு ஓய்ந்தது. இரண்டாம் முறை இழுக்கக் கையை ஓங்கியவன் அப்படியே நின்றான். பிறகு வாளைச் சத்தமில்லாமல் மண்ணில் வைத்தான். முகத்தை மாமரத்தின் பக்கம் வைத்துக்கொண்டே, தான் வந்த காலடிகளைத் தேடித் தேடி மிதித்து, பின்பக்கமாக முற்றத்துக்கு வந்து சேர்ந்தான்.

வன்னியில் அப்படி நடக்கிறவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. பந்தலுக்குள் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்னடாப்பா?" என்று கேட்டார் கனகலிங்கம். செத்துப்போன பிரேமிளாவின் கணவன் ரஜிதனுக்கு அவர் மூத்த அண்ணன். விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து, பந்தல், பறை, குருக்கள், விறகு எல்லாவற்றையும் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டவர்.

"ஐயா, மரத்துல செவப்புப் பட்டி கட்டியிருக்குங்க."

"பந்தல்காரர் கட்டினதா இருக்கும்."

"இல்லீங்க. மிதிவெடிப் பட்டி. பிரேமிளா அக்கா வேலை செஞ்ச எடத்துப் பட்டி. அக்காதான் கட்டியிருக்காங்க." சுடலைமுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "அக்கா சும்மா கட்டமாட்டாங்க."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உண்மைதான். அடிமரத்தில் ஆள் உயரத்தில் பட்டி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அதன் நுனி கிழக்குக் கொப்பின் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டைச் சுற்றிய இந்த வளவை மிதிவெடி எடுக்கிறவர்கள் வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துப் பத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. அந்தக் கடதாசியை இப்போது யாரும் நினைக்கவில்லை. மரத்துக்குக் கிட்ட இருந்த பிளாஸ்டிக் கதிரைகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வரத் தொடங்கின. அதில் இருந்த பெரியவர்கள் எழும்பாமலே கதிரையோடு நகர்ந்ததைப் பார்க்க, வேறு ஒரு நாளாக இருந்தால், பிரேமிளாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள்.

பிறகு எல்லோருடைய பார்வையும் ரஜிதனிடம் வந்தது.

அவனுக்குத் தெரியும். அந்தப் பட்டியை அவள் கட்டியபோது மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். அங்கே மிதிவெடியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. கிழக்குக் கொப்பில் இரண்டு இலையைச் சேர்த்து ஒட்டிய ஒரு எறும்புக் கூடு இருந்தது. மருந்தடிக்கிறவர்களும் மாங்காய் பிடுங்குகிறவர்களும் கை வைக்காமல் இருக்கவேண்டும் என்று, தன் பழைய வேலைப் பையில் கிடந்த பட்டியை எடுத்துக் கட்டினாள். வேறு எதைக் கட்டினாலும் சனம் அவிழ்த்துவிடும், இதை அவிழ்க்காது என்று அவளுக்குத் தெரியும்.

அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் கால் மணித்தியாலத்தில் மரம் விழும்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. நான் பாத்திட்டுச் சொல்லுறன்," என்றான்.

"பன்னிரண்டுக்குப் பாடை எடுக்கோணும். வேளைக்குச் சொல்லு," என்றார் கனகலிங்கம். குரலைத் தாழ்த்தினார். "எங்கட வீட்டில ஆர் செத்தாலும் வளவு மாமரம் விழுந்துதான் எரிஞ்சிருக்கு. ஐயாவுக்கும் அப்பிடித்தான், அம்மாவுக்கும் அப்பிடித்தான். பிரேமிளாவுக்கும் அதில ஒரு குறையும் வரக்கூடாது. அவளும் எங்கட வீட்டு ஆள்."

இதுதான் ரஜிதனைத் தடுத்தது. இருபது வருடத்துக்கு முன்னால் இதே அண்ணன், மலைநாட்டுப் பக்கத்துப் பெட்டையா என்று கேட்டு, கலியாணத்துக்கு வராமல் விட்டவர். ஐந்தாறு வருடம் முற்றத்து வாசலோடு நின்று கதைத்துவிட்டுப் போனவர். இன்றைக்கு அவளுக்காகத் தன் வீட்டு முறையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரிடம் போய், வேண்டாம் அண்ணை, அதில் எறும்பு இருக்கு என்று எந்த வாயால் சொல்வது?

அவன் வீட்டுக்குள் போனான். நடு அறையில் பிரேமிளா கிடந்தாள். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. சிறுநீரகம் கைவிட்டு இரண்டு வருடம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு தரம் ஆசுபத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தவள், நேற்று மத்தியானம் அங்கேயே போய்விட்டாள். நாற்பத்துமூன்று வயது. வீங்கியிருந்த முகம் இப்போது வற்றி, பழைய முகமாக இருந்தது. 

அறை வாசலில் மகள் யதுர்ஷிகா தாயின் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அப்பா, கஜேந்தினி மிஸ் அம்மாக்கு மெசேஜ் போட்டிருக்கிறா. அவவுக்கு இன்னும் தெரியாது."

கஜேந்தினி மிஸ் பல்கலைக்கழகத்தில் எறும்பு படிப்பிக்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் யதுர்ஷிகாவின் பள்ளிக்கூடத்துக்குப் பேச வந்தபோது, பின்வரிசையில் மற்றப் பெற்றோரோடு இருந்த பிரேமிளா எழும்பி, தன் போனில் இருந்த ஒரு முள் எறும்பின் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டாள். அன்றைக்குத் தொடங்கிய சிநேகிதம் அது.

ரஜிதன் போனை வாங்கிப் படித்தான்.

'பிரேமிளா அக்கா, நீங்கள் அனுப்பின எறும்பைப் பற்றி ஒரு சந்தேகம். ஆறு முள் என்று எழுதியிருக்கிறீங்கள். படத்தில் எனக்கு நாலுதான் தெரியுது, ஆனால் படம் தெளிவில்லை. நாலு என்றால் இது இந்தப் பக்கத்தில் எங்கும் உள்ள வகை. ஆறு உறுதி என்றால் நான் இதுவரை காணாத ஒன்று. அடுத்த கிழமையே அங்கை வாறன், எழுதும்போது உங்கட பெயர்தான் முதல் வரும். அதே கூட்டிலிருந்து இன்னொன்றைப் பிடித்து, இருவர் எண்ணிச் சொல்லுங்கோ.'

"ஆறுதானே அப்பா?" என்றாள் யதுர்ஷிகா. "நீங்கள்தானே ஆசுபத்திரியில வச்சு எண்ணினீங்கள். அம்மா எவ்வளவு சந்தோசப்பட்டவ. அம்மான்ர பேர் வருமாம்."



பிரேமிளா பன்னிரண்டு வருடம் மிதிவெடி எடுக்கிற வேலை செய்தவள். முழங்காலில் நின்று, ஒரு சாண் நிலத்தை ஒரு மணித்தியாலம் பார்க்கிற வேலை. இடைவேளைக்கு மர நிழலில் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தபோது, அதன் கண்ணாடியில் ஒரு கறுப்பு எறும்பு ஏறி நடந்ததாம். முசுறு எறும்பு மாதிரிக் கடிக்கவில்லையாம். தோளில் இரண்டு முள்ளை நீட்டிக்கொண்டு, தன்பாட்டில் போனதாம். அன்று முதல் எந்த மரத்தைக் கண்டாலும் அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிட்டாள். "ஊரெல்லாம் கீழ பாத்து நடக்குது, இவள் மட்டும் மேல பாத்து நடக்கிறாள்," என்று ரஜிதன் பகிடி பண்ணுவான். அவள் கோபிக்கமாட்டாள். பூதக்கண்ணாடியை அவனிடம் நீட்டி, "ஒருக்கா நீங்களும் பாருங்கோவன்," என்பாள். அவனுக்கு எப்போதும் உழவுக்குப் போகிற அவசரம்.

மூன்று கிழமைக்கு முன்னால் ஆசுபத்திரிக் கட்டிலில், தலையணைக்குக் கீழே இருந்து ஒரு யோகட் கப்பை எடுத்து அவனிடம் கொடுத்தாள். உள்ளே வீட்டு மாமரத்து எறும்பு. "நேர்ஸ் கண்டால் ஏசுவா. வெளியில கொண்டுபோய் முள்ளை எண்ணிச் சொல்லுங்கோ. என்ர கண் மங்குது, என்னை நம்பேலாது."

அவன் அதைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனான். கதிரையில் இருந்தான். விடிய மூன்று மணிக்கு எழும்பி ட்ரக்டர் ஓட்டிவிட்டு வந்தவனுக்குக் கண் சொருகியது. கப்பின் மூடியை அவன் திறக்கவேயில்லை. பத்து நிமிடம் கழித்து உள்ளே போய், "ஆறு," என்றான். எறும்புக்குக் கால் ஆறு என்று சின்ன வயதில் படித்தது வாயில் வந்துவிட்டது.

"ஆறோ? வடிவாப் பாத்தனீங்களோ?"

"வடிவாப் பாத்தனான்."

அவளுடைய முகம் அப்படி மலர்ந்து அவன் கண்டு எத்தனையோ மாதம். எழும்பி இருக்க ஏலாதவள், எழும்பி இருந்து பேனை கேட்டாள். அந்த முகத்துக்காகவே அவன் அதைத் திருத்தாமல் விட்டான்.

"அம்மான்ர கொப்பி எங்கை?" என்று மகளிடம் கேட்டான்.

யதுர்ஷிகா அலுமாரிக்குள் இருந்து தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து வந்தாள். வேலைத்தளத்தில் நிலத்தைப் பதிகிற மாதிரியே கோடு போட்டு வைத்திருந்தாள் பிரேமிளா. திகதி, இடம், மரம், முள், பார்த்தவர், சோதித்தவர். அவர்களுடைய வேலையில் ஒருத்தி பார்த்து முடித்த நிலத்தை இன்னொருத்தி பார்த்துக் கையெழுத்து வைக்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். பக்கம் பக்கமாகப் 'பார்த்தவர்' கட்டத்தில் பிரேமிளா என்று இருந்தது. 'சோதித்தவர்' கட்டம் எல்லாப் பக்கத்திலும் வெறுமையாகக் கிடந்தது.

கடைசிப் பக்கத்தில் மட்டும் அந்தக் கட்டத்திலும் எழுத்து இருந்தது. கை நடுங்கிய எழுத்து.

'வீட்டு மாமரம், கிழக்குக் கொப்பு. என் எண்ணிக்கை 4. என் கண் சரியில்லை. அவருடைய எண்ணிக்கை 6. அவருடையதை எடுத்தேன். சோதித்தவர்: ரஜிதன்.'

அந்தப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அவன் கொப்பியை மூடினான். வெட்கமாக இருந்தது. பொய் சொன்னதை விட, அந்தப் பொய்க்காக அவள் தன் கண்ணையே குறைசொல்லி எழுதியது அவனைச் சுட்டது. இனி என்ன செய்வது? ஆறு என்று ஒரு சொல் அனுப்பினால் அவள் பெயர் நிற்கும், அவளுடைய சந்தோசமும் அப்படியே நிற்கும். வெளியே போய் வெடி என்று ஒரு சொல் சொன்னால் மரமும் நிற்கும். இரண்டும் ஒரு சொல்தான். ஆனால் பிரேமிளா ஒரு நாளும் அப்படி ஒரு கட்டத்தை நிரப்பியவள் இல்லை. "இல்லாததை இருக்கு எண்டு எழுதினாலும் பிழைதான். அதை நம்பி மற்றவள் கால் வைப்பாள்," என்று சொல்லுவாள்.

அவன் குசினிக்குள் போய் ஒரு யோகட் கப்பைக் கழுவித் துடைத்தான். செத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அடுத்த வீட்டிலிருந்து வந்த தேத்தண்ணிக் கேத்தல் மட்டும் மேசையில் இருந்தது. கப்பை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி நேரே மாமரத்தை நோக்கி நடந்தான்.

"ஐயோ, போகாதையுங்கோ!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் அலறியது. சுடலைமுத்து பாய்ந்து வந்து பாதி வழியில் நின்றுவிட்டான்.

ரஜிதன் திரும்பினான். "ஒண்டும் இல்லை. வெடி இல்லை. எறும்புக்கூடு. அதை ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு அவள் கட்டினவள்."

 கதிரைகள் பழையபடி மரத்தின் பக்கம் நகரத் தொடங்கின. யாரோ சிரித்துவிட்டு, செத்த வீடு என்று நினைவு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"எறும்போ?" என்றார் கனகலிங்கம். "எறும்புக்கோ இவ்வளவு கூத்து? சுடலை, எடு வாளை."

"அண்ணை, பொறுங்கோ. எண்ணவேணும்."

"என்னத்தை எண்ண?"

அவன் மரத்தடிக்குப் போனான். கிழக்குக் கொப்பைத் தாழ இழுத்து, கூட்டுக்குக் கீழே கப்பைப் பிடித்து, இலையில் ஒரு தட்டுத் தட்டினான். மூன்று நாலு எறும்புகள் வெளியே ஓடிவந்தன. ஒன்று கப்புக்குள் விழுந்தது. உள்ளே கொண்டுபோய்ப் பிரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்தான். குளிரில் அது ஆடாமல் நிற்கும் என்று பிரேமிளா பலமுறை சொன்னது, கேட்காத மாதிரி இருந்த காதிலும் விழுந்துதான் இருக்கிறது.

பந்தலுக்குள் ஒரு கதிரையில் வெள்ளைக் கடதாசியை விரித்து எறும்பை அதில் விட்டான். பிரேமிளாவின் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக் குனிந்தான்.

முதலில் கறுப்பு மட்டும் தெரிந்தது. கையை மெல்ல உயர்த்தியதும் எறும்பு துலங்கியது. வயிற்றில் பொன்னிறமாக மெல்லிய மயிர். கழுத்துக்குப் பின்னால் தோளில், முன்னோக்கி நீண்ட இரண்டு முள். அவன் வாய்விட்டு, "ரெண்டு," என்றான். முதுகின் நடுவில் பார்த்தான். வழுவழுவென்று இருந்தது. கடதாசியைத் திருப்பி மற்றப் பக்கமும் பார்த்தான். ஒன்றுமில்லை. கடைசியில் இடுப்பு. மெலிந்த இடுப்பிலிருந்து இரண்டு முள் மேலெழுந்து பின்பக்கம் வளைந்திருந்தன. எவ்வளவு வடிவாக இருக்கிறது என்று நினைத்தான். இதைத்தான் பார் பார் என்று அவள் இத்தனை வருடமாகச் சொன்னாள்.

"நாலு," என்றான்.

பக்கத்தில் நின்ற யதுர்ஷிகா அவனைப் பார்த்தாள். "அப்ப ஆசுபத்திரியில...?"

"எண்ணேல்லை பிள்ளை. எண்ணாமல் சொன்னனான்."

அவள் கொப்பியைக் கையில் எடுத்தாள். ஏசியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கனகலிங்கம் இவ்வளவு நேரமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன முள்ளடா எறும்பில?" என்றார். கேட்டுக்கொண்டே தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கொண்டா பாப்பம்."

"ரெண்டு பேர் எண்ணவேணுமாம், பெரியப்பா," என்றாள் யதுர்ஷிகா. அவள் கொப்பியை விரித்து அவருக்குக் காட்டினாள்.

கனகலிங்கம் அந்தப் பக்கத்தைப் படித்தார். என் கண் சரியில்லை என்ற இடத்தில் அவருடைய விரல் சற்று நின்றது. பிறகு கதிரைக்கு முன்னால் சிரமப்பட்டு முழங்காலில் நின்று கண்ணாடிக்குள் பார்த்தார். எறும்பு குளிர் விட்டு மெல்லக் கால் அசைக்கத் தொடங்கியிருந்தது. "இருடா ஆடாமல்," என்று அதை அதட்டினார். ஒரு தரம் எண்ணினார். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினார்.

"நாலுதான்," என்றார். "அவள் முதலே சரியாத்தானே எண்ணியிருக்கிறாள்."

அப்போதுதான் ரஜிதன் அழுதான். நேற்று மத்தியானத்திலிருந்து வராத அழுகை. அண்ணன் முழங்காலில் நின்றபடியே அவனுடைய தோளில் கையை வைத்துக்கொண்டார்.

கொஞ்சம் பொறுத்து எழும்பி, மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "சுடலை, மேற்குக் கொப்பு ஒண்டை மட்டும் இறக்கு. வளவு மாமரத்தில கொஞ்சம் சேர்ந்தால் போதும். மிச்ச விறகுக்கு ஆளை அனுப்புவம். கிழக்குப் பக்கம் கை வையாதை."

"சரிங்க ஐயா," என்றான் சுடலைமுத்து. வாளை எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் போனான். போகிற வழியில் தளர்ந்திருந்த பட்டியின் முடிச்சை நின்று இறுக்கிவிட்டுப் போனான்.

ரஜிதன் பேனையை வாங்கி, ஆறைக் குறுக்கே வெட்டி, நாலு என்று எழுதினான். 'சோதித்தவர்' கட்டத்தில் தன் பெயருக்கு மேல் இப்போதுதான் முதல்முறையாகக் கையெழுத்து வைத்தான். யதுர்ஷிகா தன் பெயரைப் போட்டு, அம்மா முதலில் எண்ணியதும் நாலுதான் என்று போனில் தட்டினாள்.

"அம்மா செத்ததையும் சொல்லட்டோ?"

"முதலில எண்ணிக்கையை அனுப்பு. அதுதான் அவ கேட்டது."

எறும்பைக் கடதாசியோடு கொண்டுபோய்க் கிழக்குக் கொப்பில் விட்டான். அது உடனே போகவில்லை. அவனுடைய விரலில் ஏறி மணிக்கட்டு மட்டும் வந்து, திசை பிடித்து, திரும்பி இலைக்கு நடந்தது. அதற்குள் குளிக்க வரச் சொல்லி இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். அது போய் முடியும்வரை அவன் கையை எடுக்கவில்லை.

கிரியை தொடங்கியபோது பதில் வந்தது. யதுர்ஷிகா தகப்பனின் பக்கத்தில் வந்து மெல்லப் படித்தாள். 'நன்றி. அப்ப இது எங்கும் உள்ள வகைதான். பரவாயில்லை. அக்கா முதல் எண்ணினது சரி எண்டு அக்காட்ட மறக்காமல் சொல்லுங்கோ.'

ஆண்பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்கவேண்டியவன் ரஜிதன்தான். ஈர வேட்டியோடு தலைமாட்டில் நின்றான். வாய்க்கரிசித் தட்டு வந்தது.

"மூண்டு தரம் போடுங்கோ," என்றார் குருக்கள்.

அவன் மூன்று தரம் போட்டான். பிறகு குனிந்து அவளுடைய காதுக்குக் கிட்ட ஏதோ சொன்னான். தேவாரம் சொல்கிறான் என்று நினைத்துச் சில பேர் கைகூப்பினார்கள். நிமிர்ந்தவன் தட்டில் கை வைத்து இன்னொரு பிடி எடுத்தான்.

"காணும் தம்பி, மூண்டும் போட்டாச்சு," என்றார் குருக்கள்.

முறை பிசகினால் செத்த வீடென்றும் பாராமல் சத்தம் போடுகிறவர் கனகலிங்கம். அவர் கால்மாட்டில் நின்றபடி, "இருக்கட்டும் ஐயா. நாலு," என்றார்.

பன்னிரண்டு மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். முற்றத்திலிருந்து வாசல் படலைக்கு நேர்வழி மாமரத்துக்குக் கீழால்தான். அங்கே இருப்பது எறும்பு என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் முன்னால் போன சுடலைமுத்து, சிவப்புப் பட்டியைக் கண்டதும் ஒதுங்கிச் சுற்றி நடந்தான். பாடையும் அவனுக்குப் பின்னால் சுற்றித்தான் போனது.